வாழைப்பழம் ஏறக் கூடாத படகு

ஆஸ்திரேலியாவுக்கு நான் போனது ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கி வருவதற்காக. சம்மதம், அல்லது சம்மதம் இல்லை. எது வந்தாலும் வரட்டும், வந்து தொலைந்தால் போதும் என்ற நிலைக்கு எட்டு மாதத்தில் வந்திருந்தேன்.

என் மகள் நித்யா மெல்போர்னில் நர்ஸ். அங்கேயே பிறந்து வளர்ந்த ஜெரோம் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையனின் குடும்பம் மன்னாரிலிருந்து போய்க் குடியேறிய கத்தோலிக்கர்கள். நாங்கள் திருச்சி உறையூர், செவ்வாய் வெள்ளி கோயிலுக்குப் போகாவிட்டால் கை கால் ஓடாதவர்கள். நானும் என் வீட்டுக்காரரும் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மனசு இறங்கி, "சரி, அவங்க வீட்ல பேசச் சொல்லு" என்றோம். அங்கேதான் வண்டி நின்றுபோயிற்று. பையனின் அப்பா மரியதாஸ் ஃபோனில் மழையைப் பற்றிப் பேசுவார், திருச்சி வெயிலை விசாரிப்பார், மீனைப் பற்றி அரைமணி நேரம் சொல்லுவார். கல்யாணம் என்று ஆரம்பித்தால் மட்டும், "ஓம் ஓம், கதைப்பம்" என்று வைத்துவிடுவார்.

நான் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவள். புறப்படுமா புறப்படாதா என்று தெரியாமல் ஒரு வண்டி ஸ்டாண்டில் நின்றால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். "நேர்லயே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன். என் வீட்டுக்காரருக்கு லிஃப்டில் ஏறினாலே வேர்த்துக்கொட்டும். "நீயே போயிட்டு வாம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நல்ல காரியம் பேசப் போகிறோமே, வெறுங்கையோடு போகலாமா? பித்தளைத் தாம்பாளம், ஐம்பது வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்துவைத்தேன். முதலில் இறங்கியது சிட்னியில். டூங்கபியில் என் சித்தி மகள் இருக்கிறாள், அவளைப் பார்க்காமல் போனால் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். ஏர்போர்ட்டில் ஒரு பெண் அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு என் வெற்றிலைக் கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன செடி? வேர் இருக்கிறதா? பூச்சி இருக்கிறதா?" என்று கேட்டாள். என் வீட்டு வெற்றிலையில் பூச்சியா என்று எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வெற்றிலையும் பாக்கும் குப்பைத்தொட்டிக்குப் போயின. தாம்பாளத்தை மட்டும் நான்கு முறை மெஷினில் விட்டு எடுத்துவிட்டு, "அழகாக இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

சித்தி மகள் மறுநாள் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். தாம்பாளத்தை முருகன் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு, அன்றைக்கே மெல்போர்னுக்கு விமானம் ஏறினேன்.

மெல்போர்னில் நித்யா குடியிருப்பது நோபல் பார்க். ஏர்போர்ட்டிலிருந்து நகரத்துக்கு வந்து ரயில் பிடித்தோம். பாதி வழியில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தில் ஏதோ வேலையாம், மிச்சத் தூரத்துக்கு ரயிலுக்குப் பதில் பஸ்ஸாம். நல்லது, பஸ் நம்ம சமாசாரம்தானே என்று போய் நின்றேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு ஆள், "பஸ் இப்போது வந்துவிடும்" என்றான். இருபத்தெட்டு நிமிஷம். இடையில் இரண்டு பஸ்கள் காலியாக எங்களைக் கடந்துபோயின. ஏன் நிறுத்தவில்லை என்று நித்யாவை விட்டுக் கேட்டதற்கு, "அவை வேறு எண்" என்றான். என் டிப்போவில் இப்படி ஒரு ஆள் பதில் சொல்லியிருந்தால் பயணிகள் அவனை அந்தப் பஸ்ஸிலேயே கட்டி அனுப்பியிருப்பார்கள். இங்கே எல்லாரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு பசு மாதிரி நின்றார்கள்.

மறுநாள் காலை டாண்டினாங் மார்க்கெட்டில் வெற்றிலை கிடைத்தது. பாக்கும் கிடைத்தது. பூவன் பழம்தான் இல்லை. கை நீளத்துக்கு ஒரு பச்சை வாழைப்பழம்தான் எங்கே பார்த்தாலும். அலைந்து திரிந்து, விரல் நீளத்தில் ஒரு சின்னப் பழச் சீப்பு பிடித்தேன். அதைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. அன்று சாயந்திரம் மரியதாஸ் வீட்டுக்குப் போனோம்.

வாசலிலேயே நல்ல வரவேற்பு. "வாங்கோ, வாங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ" என்றார் மரியதாஸ். அறுபது வயதிருக்கும். ஒல்லி, அகலமான சிரிப்பு. அவர் மனைவி ரீற்றா சமையலறைக்கும் ஹாலுக்கும் பத்துத் தடவை ஓடினாள். புட்டு, இறால் குழம்பு, சம்பல், தேங்காய்ப்பால் சொதி. அந்தச் சொதிக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம். ஜெரோம் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்ரி, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று தன்னுடைய பாதித் தமிழில் உபசரித்தான். பையன் நல்ல உயரம், நல்ல குணம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

சரியாக எட்டு மணிக்கு மரியதாஸின் ஃபோன் கிணுகிணு என்று அடித்தது. மனுஷன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய், இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தார். நேரம் தவறாத ஆள் என்று மனதுக்குள் ஒரு மார்க் போட்டேன். பிறகு எழுந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டி, "சார், நாங்க எங்க மனசாரச் சம்மதிக்கிறோம். இதை வாங்கிக்கிட்டு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன்.

மரியதாஸ் கையை நீட்டவில்லை. ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் நித்யாவைப் பார்த்தான். நித்யா தரையைப் பார்த்தாள். "அதை அந்த மேசையில வையுங்கோ" என்றார் மரியதாஸ்.

"மேசையில வைக்கறதுக்கா சார் திருச்சியிலேர்ந்து வந்தேன்? சரி, ஒரு பழமாவது எடுத்துக்கங்க" என்றேன்.

"எனக்கு வாழைப்பழம் ஒத்துவராது" என்றார். அடுத்த மூச்சில், "சனிக்கிழமை குளத்துக்கு மீன் பிடிக்கப் போறன். நீங்கள் மட்டும் என்னோட வாங்கோ. அங்க ஆறுதலாக் கதைப்பம்."

வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாத மனுஷன் இந்த உலகத்தில் உண்டா? பல்லில்லாத குழந்தைக்கே முதலில் அதைத்தானே மசித்துக் கொடுக்கிறோம்? எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தாம்பாளத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாங்காத தட்டை அங்கே விட்டுவிட்டு வர நான் என்ன மானம் கெட்டவளா?

வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். "தட்ட வாங்கலேன்னா வேண்டாம்னுதானே அர்த்தம்?" என்றார் அவர். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குக் குளத்துக்குக் கூப்பிடறார்?" என்று கத்தினேன். நித்யாவிடம் கேட்டால், "மா, அவரு எது சொன்னாலும் கோபப்படாம கேளு" என்றாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "நீ எதையாவது மறைக்கிறியாடி?" என்றேன். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, மீன் பிடிக்க எனக்கு லைசென்ஸ் எடுக்க லேப்டாப்பைத் திறந்துகொண்டாள். ஆமாம், அந்த ஊரில் தூண்டிலைத் தொடுவதற்கும் லைசென்ஸ்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் மரியதாஸ் வந்தார். வண்டிக்குப் பின்னால் ஒரு அலுமினியப் படகு டிரெய்லரில் உட்கார்ந்திருந்தது. நான் உடுத்தியிருந்தது புடவை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் நித்யாவின் மழைக்கோட்டு, காலில் அவளுடைய ஷூ. கையில் தாம்பாளப் பை. பழத்தை வீட்டில் விட்டுவர எனக்கு மனமில்லை. பேச்சு நல்லபடியாக முடிந்தால் அங்கேயே கொடுத்துவிடலாமே என்று அதே சீப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரப் பயணம். இப்போது ஆரம்பிப்பார், இதோ ஆரம்பிப்பார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனுஷன் பேசியது முழுக்க மீன்.

"இந்தக் குளத்தில கிடக்கிறது சாமன். கடல் மீன்தான். ஆனா இது கடலைக் கண்ணால காணாது. தொட்டியில பொரிக்க வைச்சு, லொறியில கொண்டு வந்து ஊத்திறவை" என்றார்.

"அப்படியா சார்?"

"அமெரிக்காவில கோக்கனி எண்டு ஒரு சாமன் இருக்கு. அதுவும் கடலுக்குப் போகாத சாதி. அதை அவங்கள் பிடிக்கிற மாதிரித்தான் நான் இஞ்ச பிடிக்கிறனான். எல்லாம் வீடியோ பார்த்துப் பழகினது."

மகளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் கடலுக்குப் போகாத சாதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறார். வழியில் பெட்ரோல் பங்கில் உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட, 'பை' என்ற பண்டம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மேலே ஆறியிருந்தது, உள்ளே நெருப்பு. நாக்கு வெந்துபோய், வாயைத் திறந்து ஊதிக்கொண்டே வந்தேன்.

அவர் குளம் என்று சொன்ன பரம்பீட் ஏரி ஒரு காலத்தில் எரிமலை வாயாம். வட்டமாக, கருநீலமாக, கரையெல்லாம் பசும்புல்லும் மாடுமாக, கண் பட்டுவிடும்போல் இருந்தது. ரசிக்கவா விட்டார்கள்? படகை இறக்கும் சரிவில் நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரர் மரியதாஸைப் பார்த்து, "போன வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று இந்த வாரம் மனைவியைக் கூட்டிவந்துவிட்டாயா?" என்று கேட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தார். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது, புரியும். "அடச் சீ" என்று சத்தமாகவே சொன்னேன். மரியதாஸ் பதறிப்போய், "இல்லை, இல்லை, இவர் என் மகனின்..." என்று ஆரம்பித்தார். அந்த வார்த்தையை முடிப்பார் என்று நான் ஆவலாகப் பார்த்தேன். முடிக்கவில்லை. படகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

படகு தண்ணீரில் இறங்கியது. நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் ஷூவுக்குள் சில்லென்றது. குனிந்து பார்த்தால் படகுக்குள் கணுக்கால் தண்ணீர்.

"சார்! தண்ணி சார்! ஐயோ, தண்ணி ஏறுது!"

"ஐயோ மாதாவே, தக்கை!" என்று அலறிக்கொண்டு மரியதாஸ் தண்ணீரில் குதித்தார். படகின் அடியில் ஒரு ஓட்டை உண்டாம். கரையில் தண்ணீர் வடிய அதைத் திறந்துவிடுவார்களாம், இறக்கும்போது தக்கையால் அடைக்க வேண்டுமாம். "பத்து வருசத்தில ஒருநாளும் மறந்ததில்லை. இண்டைக்கு என்ன பிடிச்சுதோ தெரியேல்லை" என்று புலம்பிக்கொண்டே வாளியால் இறைத்தார். என் டிப்போவில் வண்டி எடுக்கும் முன் டீசல், டயர், பிரேக் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு டிரைவர் வெளியே போக முடியாது. அதை அவரிடம் நான் சொல்லாமல் இல்லை. இரண்டு முறை சொன்னேன்.

பிறகு ஆரம்பித்தது ட்ரோலிங் என்ற அந்தக் கூத்து. மீன் பிடிப்பதென்றால் வலை வீச வேண்டும், அல்லது தூண்டிலைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். இது இரண்டும் இல்லை. ஒரு கனத்த ஈயக் குண்டைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்குகிறார்கள். அதோடு தூண்டில் நரம்பும் போகிறது. நரம்பில் மினுமினுக்கிற ஒரு தகடு, அதன் பின்னால் ரோஸ் கலர் ரப்பர்க் குஞ்சம் ஒன்று, அதற்குள் கொக்கி. இந்த மொத்தச் சீரையும் இழுத்துக்கொண்டு படகு ஏரியைச் சுற்றுகிறது. எந்த வேகத்தில்? கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகத்தில். கொஞ்சம் வேகம் கூடினால் தகடு தவறாக ஆடுமாம். குறைந்தால் ஆடவே ஆடாதாம். மரியதாஸ் ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டுகிற ஒரு சின்ன டிவியைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதில் மீன்கள் வளைவு வளைவாகத் தெரிந்தன.

"அந்தா பாருங்கோ, பதினெட்டு மீட்டரில நிக்குது" என்றார்.

"நிக்கறது தெரியுதில்ல? அப்பறம் ஏன் சார் கடிக்கல?"

"அது அதுக்கு மனம் வரவேணும்."

அதுக்கும் மனம் வரவில்லை, இவருக்கும் மனம் வரவில்லை. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்று. எட்டு மணிக்கு அவர் ஃபோன் மறுபடி கிணுகிணுத்தது. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நாலைந்து மாத்திரைகளை ஒரே விழுங்கில் விழுங்கினார். "பிரஷரா சார்?" என்றேன். "அப்பிடியும் சொல்லலாம்" என்று தண்ணீரைப் பார்த்தார்.

மூன்றாம் சுற்றில் எனக்குப் பசி வந்தது. என் பக்கத்தில் ஒரு டப்பா இருந்தது. திறந்தால் வேகவைத்த சோளம், பூண்டும் பெருங்காயமும் மணந்தது. பரவாயில்லையே, ரீற்றா சுண்டல் செய்து அனுப்பியிருக்கிறாளே என்று இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டேன். உப்பு மட்டும் கரித்தது. மரியதாஸ் திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அது... அது மீனுக்கு."

கோக்கனி பிடிக்கிறவர்கள் கொக்கியில் சோளம் குத்துவார்களாம். மணம் ஏற வேண்டும் என்று பூண்டில் ஊறவைப்பார்களாம். பெருங்காயம் இவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாம். பெண்ணைக் கொடுக்க வந்த இடத்தில் மீன் இரையைத் தின்றவள் என்ற பெயரும் எனக்கு வந்து சேர்ந்தது. துப்பினேன், கொப்பளித்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். வயிற்றுக்கு வேறு ஏதாவது போடலாம் என்று என் பையைத் திறந்து துணியை அவிழ்த்தேன்.

மரியதாஸ் மோட்டாரை விட்டுவிட்டு எழுந்தேவிட்டார். படகு ஒரு ஆட்டம் ஆடியது.

"வாழைப்பழமோ! போட்டுக்குள்ள வாழைப்பழம் கொண்டு வந்தனீங்களோ?"

"ஆமா. என்ன இப்ப?"

"இஞ்ச மீன் பிடிக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கோ. வாழைப்பழம் ஏறின போட்டில மீன் ஏறாது. பொல்லாத சகுனம். தக்கை மறந்ததும் அதாலதான். வெள்ளைக்காரங்கள் கண்டால் எங்களைத் துரத்தியே விடுவாங்கள். தயவுசெய்து எறிஞ்சு விடுங்கோ."

இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. "எறியறதா? இது என்னன்னு தெரியுமா சார் உங்களுக்கு? முருகன் கால்ல வச்சு வாங்கின தட்டுல இருந்த பழம். எங்க ஊர்ல இதுதான் சகுனமே. வீட்ல வச்சு நீட்டினேன், ஒத்துக்காதுன்னீங்க. இங்க எடுத்தா மீன் ஏறாதுங்கறீங்க. எட்டு மாசமா எங்க ரெண்டு பேரையும் காய விட்டீங்க. எம் பொண்ணு வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லுங்க, நான் போயிட்டே இருக்கேன். இப்படி வாழைப்பழத்து மேல பழியப் போடாதீங்க!"

ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். கரையில் அந்த நாய் குரைத்தது.

மரியதாஸ் மெல்ல உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "உங்கட பிள்ளை வேண்டாமெண்டு ஆர் சொன்னது?" என்றார். "நித்யா எங்கட வீட்டுக்கு வாறதுக்கு நாங்கள் குடுத்து வைச்சிருக்க வேணும். வேற ஒரு விசயம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான். வீட்டில சொல்லப் பிள்ளையள் விடாதுகள். விடியத் தொடக்கம் சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் வாறன். வாய் வருகுதில்லை."

என் கையில் பழச் சீப்பு அப்படியே இருந்தது.

"நாலு வருசத்துக்கு முந்தி எனக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டுது. ஒண்டை விட்டு ஒரு நாள் மெசினில கிடந்தன். ரீற்றான்ரை பொருந்தேல்லை. ஜெரோம் எனக்குச் சொல்லாமலே போய் ரெஸ்ட் எடுத்திருக்கிறான். பொருந்தீட்டுது. நான் மாட்டனெண்டு ரெண்டு மாசம் சண்டை பிடிச்சனான். கேக்கேல்லை. தந்திட்டான்." சட்டைக்கு மேலே வயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்தார். "இஞ்ச இருக்கிறது அவன்ரை. அவனுக்கு ஒண்டுதான் இருக்கு. ஓடுறான், ஆடுறான், ஒரு பிரச்சினையும் இல்லையெண்டு டொக்டர்மார் சொல்லீனம். எண்டாலும் ஒண்டுதான் இருக்கு."

"நித்யாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"முதல் நாளே சொல்லிப் போட்டான். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு ரெண்டு பேரும் எனக்கு ஒரே கரைச்சல். தெரிஞ்சால் நீங்கள் விடமாட்டியளாம். நான் சொன்னன், தாய்க்குத் தெரியாமல் அந்தத் தட்டை என்ரை கையால வாங்க மாட்டனெண்டு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இந்தக் குளிசையள் போடுறதால இரத்தத்தில பொட்டாசியம் ஏறுது. வாழைப்பழம் தின்னக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உண்மையாத்தான் சொன்னனான், எனக்கு ஒத்துவராது" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நித்யா மேல். நர்ஸ் வேலை பார்க்கிறவள், எல்லாம் தெரிந்தவள், பெற்றவளிடம் மறைத்திருக்கிறாள். அடுத்து வந்தது பயம். நாளைக்கு அந்த ஒன்றும் கெட்டுப்போனால் மெஷினுக்குப் பக்கத்தில் உட்காரப்போவது என் பெண்ணல்லவா? அதையும் அவரிடமே கேட்டேன்.

"ஓம்" என்றார் அவர். "அதை யோசிக்கத்தான் வேணும். நான் உங்கட இடத்தில இருந்தாலும் யோசிப்பன். நீங்கள் மாட்டனெண்டு சொன்னாலும் நான் ஒருநாளும் பிழையா நினைக்க மாட்டன்."

வார்த்தை கேட்க வந்தவள் நான். இப்போது வார்த்தை என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. மரியதாஸ் மோட்டாரைப் பிடித்துக்கொண்டார். படகு மறுபடி அதே பிராகார வேகத்தில் போயிற்று. நாலாம் சுற்று.

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை டிரைவர்களைப் பார்த்திருப்பேன். வண்டியில் கோளாறு இருப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு எடுத்துப்போய், நடுவழியில் நிறுத்திவிட்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்பவர்கள்தான் அதிகம். பிரேக் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ட்ரிப் போனாலும் போகட்டும் என்று நிற்கிறவர்களை இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இவர் மூன்றாவது. மகன் சந்தோஷமே கையை விட்டுப் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்ல வந்து, தக்கையை மறந்து, என்னை மூன்று சுற்றுச் சுற்றவிட்டிருக்கிறார். அந்தப் பையன் பெற்றவனுக்குத் தன் உடம்பை அறுத்துக் கொடுத்திருக்கிறான். நான் அவனிடம் குறை தேடிக்கொண்டு சொதி குடித்திருக்கிறேன். அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் படபடவென்று அடித்து நிமிர்ந்தது.

"மீன்! பிடியுங்கோ! பிடிச்சுச் சுத்துங்கோ!" என்று மரியதாஸ் கத்தினார். பழத்தைக் கீழே போட்டுவிட்டுத் தூண்டிலைப் பிடித்தேன். கண்ணில் நீர், மூக்கில் நீர், கையை யாரோ அந்தப் பக்கம் நின்று இழுக்கிற மாதிரி இழுப்பு. "மெதுவா, மெதுவா, இழுக்கேக்க விடுங்கோ, நிண்டால் சுத்துங்கோ" என்று அவர் சொல்ல, "சொல்லிட்டே இருக்காதீங்க சார், பதறுது!" என்று நான் கத்த, ஒரு வழியாகப் படகோரத்தில் வெள்ளியாக ஒன்று புரண்டது. கைவலையால் அள்ளி உள்ளே போட்டார். ஒன்றரைக் கிலோ இருக்கும். வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்திலேயே துள்ளியது.

மரியதாஸ் மீனைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "இதை ஒருத்தரும் நம்ப மாட்டாங்கள்" என்றார்.

கரையேறியதும் பழங்களில் இரண்டை நான் தின்றேன். மிச்சத்தை அந்த நாய்க்காரரிடம் நீட்டினேன். "என் படகுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதே அம்மா!" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். புல்வெளி மாடுகள்தான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டன.

வண்டியில் ஏறியதும் வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து, மரியதாஸ் கேட்கவே எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ என்ன சொல்ற?" என்றார்.

"நான் பழம் வாங்கப் போறேங்க."

"வாங்கு" என்றார். அவர் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது.

வழியில் ஒரு ஊரில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "என்ன பழம் சார் உங்களுக்கு ஒத்துக்கும்?" என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று புரியாமல், "அப்பிள் தின்னலாம்" என்றார். சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய்ச் சிவப்பாக ஆறு ஆப்பிள் பொறுக்கி எடுத்தேன். பில் போடும் மெஷின் என்னை மூன்று முறை திட்டியது. வெளியே வந்து, வண்டியின் பானெட்டில் தாம்பாளத்தை வைத்து, வாடிப்போன வெற்றிலையைத் தடவி நிமிர்த்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆப்பிளை அடுக்கினேன். தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போன இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தட்டை நீட்டினேன். மரியதாஸ் கையைக் கால்சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "கையெல்லாம் மீன் வெடுக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும்தான். வாங்கிக்கங்க."

இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு ஆப்பிள் உருண்டு டிரெய்லருக்கு அடியில் ஓடியது. அதைக் குனிந்து எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தேன். நேரம் மதியம் இரண்டேகால். அங்கே வீட்டில் இரண்டு பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"நின்னது போதும் சம்பந்தி, வண்டிய எடுங்க" என்றேன். "ஏற்கனவே எட்டு மாசம் லேட்டு."